உறைபதன உணவு: மலிவு பாக்கெட்டா, பெரிய பிராண்டா?

கணக்குநோட்டு

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வாரநாள் சமையல் முழுக்க ஃப்ரீசரை நம்பித்தான் ஓடுகிறது. பட்டாணி, ஸ்வீட் கார்ன், கேரட்டும் பீன்ஸும் கலந்த பாக்கெட், இறால், முள் எடுத்த மீன் துண்டு, பிள்ளைகளுக்கு நகெட்ஸ், பிரெஞ்ச் ஃப்ரைஸ், விடுமுறை நாளில் ஐஸ்கிரீம். இதுவரை விளம்பரத்தில் வரும் பிராண்டுகளையே வாங்கி வந்தோம். இப்போது செலவைக் குறைத்தே ஆக வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் அதே கண்ணாடிக் கதவுக்குள், அதே தட்டில், கடையின் சொந்தப் பெயர் போட்ட பாக்கெட் ஏறக்குறைய பாதி விலைக்கு இருக்கிறது.

கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. எல்லாம் ஒரே ஆலையிலிருந்துதான் வருகிறது, கவரை மட்டும் மாற்றுகிறார்கள் என்கிறாள் என் தங்கை. மலிவாகக் கொடுக்கிறான் என்றால் கழித்துப் போட்டதைத்தான் கட்டிக் கொடுப்பான் என்கிறார் அத்தை. இரண்டும் முழு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. எந்தப் பொருளில் தயங்காமல் மலிவானதை எடுக்கலாம், எதில் கூடுதல் காசுக்கு உண்மையிலேயே ஏதாவது கூடுதலாகக் கிடைக்கிறது? பாக்கெட்டைப் பிரிக்காமல் கடையில் நின்றபடியே அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? சத்து குறையுமா என்பதையும் சொல்லுங்கள். காரணத்தோடு சொன்னால் நானே மற்றப் பொருள்களுக்கும் பொருத்திப் பார்த்துக்கொள்வேன்.

பனிக்காற்று

காய்கறியை உறையவைக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன், அதனால் காய்கறி பற்றி மட்டும் பேசுகிறேன். மீன், இறைச்சி பற்றித் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

உங்கள் தங்கை சொல்வதில் பாதி உண்மை. ஒரே ஆலை பல பெயர்களுக்குப் பாக்கெட் போடுவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். பட்டாணி அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும். பறித்ததிலிருந்தே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், எனவே சில மணி நேரத்துக்குள் உறையவைத்தாக வேண்டும், அதற்கு ஆலை வயலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதற்கென்று ஒவ்வொரு பிராண்டும் தனி ஆலை கட்டினால் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரே ஆலை என்பதால் ஒரே சரக்கு என்று ஆகிவிடாது. எங்களிடம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு எப்படிப்பட்ட சரக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும். எவ்வளவு இளசு, மணியின் அளவு என்ன, உடைந்தது எத்தனை சதவீதம் வரை பரவாயில்லை, தனியாகக் கழன்ற தோல் எவ்வளவு, நிறம் மங்கியது எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரே வண்டியில் வந்து இறங்கிய பட்டாணிகூட இரண்டு மூன்று தரமாகப் பிரிந்து, இரண்டு மூன்று பெயர்களில் வெளியே போகலாம்.

பிரிப்பதற்கு ஓர் எளிய முறை இருக்கிறது. குறிப்பிட்ட அடர்த்தியில் கரைத்த உப்புத் தண்ணீரில் பட்டாணியைப் போட்டால் இளசு மிதக்கும், மாவுச்சத்து ஏறிய முற்றல் அடியில் போகும். அமெரிக்க வேளாண்மைத் துறை உறைபதனக் காய்கறிகளுக்கு ஏ, பி, சி என்று தரம் வைத்திருக்கிறது. அந்தத் தரங்களும் நிறம், மென்மை, பழுது இவற்றை வைத்துத்தான் பிரிகின்றன. பி தரம் என்றால் கெட்டுப்போனது என்றோ, ஏ தரம் என்றால் சத்து அதிகம் என்றோ அர்த்தம் இல்லை. ஆகவே அத்தை சொல்வதுபோல் கழித்துப் போட்டது இல்லை. கொஞ்சம் முற்றியது, அளவு சீராக இல்லாதது, நாலைந்து மணி உடைந்தது, அவ்வளவுதான்.

உறையவைக்கும் முறையில் பிராண்டுக்கும் மலிவுக்கும் வித்தியாசம் கிடையாது, ஏனென்றால் இயந்திரம் ஒன்றுதான். முதலில் கொதிநீரிலோ நீராவியிலோ கொஞ்ச நேரம் காட்டி எடுப்போம். காயில் உள்ள நொதிகளை நிறுத்தத்தான் இது. நிறுத்தாவிட்டால் ஃப்ரீசருக்குள்ளேயே மெதுவாக நிறமும் வாசனையும் கெட்டுவிடும். அந்தக் கட்டத்தில் வைட்டமின் சி கொஞ்சம் தண்ணீரோடு போகும், எந்தப் பெயரில் விற்றாலும் போகும். பிறகு துளையிட்ட தட்டின் அடியிலிருந்து கடுங்குளிர்க் காற்றை வேகமாக மேலே செலுத்துவோம். மணிகள் காற்றில் குதித்துக்கொண்டே தனித்தனியாக, சில நிமிடங்களில் உறைந்துவிடும். காயிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதி மைனஸ் 1 டிகிரிக்கும் மைனஸ் 5 டிகிரிக்கும் இடையில்தான் பனிக்கட்டியாகிறது. அந்த இடைவெளியை வேகமாகக் கடந்தால் பனித்துகள் சின்னதாக இருக்கும், காயின் செல் சுவர் கிழியாது. மெதுவாகக் கடந்தால் பெரிய பனிப்படிகம் உண்டாகி, சமைக்கும்போது காய் தொளதொளவென்று ஆகும். வீட்டு ஃப்ரீசரில் நாமே உறையவைக்கும் பீன்ஸ் அப்படி ஆவது இதனால்தான். வேகமாக உறையவைத்தால் சுவை கெடாது என்பதை அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, இன்றைய கனடாவில் உள்ள லாப்ரடாரில் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் மீனை உறையவிடுவதைப் பார்த்துப் புரிந்துகொண்டார், அதை வைத்து அவர் உருவாக்கிய முறையில் தயாரான உணவுகள் 1930 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் முதலில் விற்பனைக்கு வந்தன. இன்றைக்கு அந்த வேகம் எந்த நவீன ஆலையிலும் உண்டு.

என் முடிவு: பட்டாணி, ஸ்வீட் கார்ன், நறுக்கிய பீன்ஸ், கேரட், கீரை இவற்றில் தயங்காமல் மலிவானதை எடுங்கள். சேர்மானப் பட்டியலில் காயின் பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதை மட்டும் பாருங்கள். குழம்பிலோ சூப்பிலோ போடுகிறீர்கள் என்றால் இளசு முற்றல் வித்தியாசம் தெரியவே தெரியாது. வெண்ணெய் போட்டு அப்படியே சாப்பிடும் பட்டாணிக்கு மட்டும் வேண்டுமானால் நல்ல தரத்தை எடுக்கலாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, கலவைக் காய்கறி. சேர்மானத்தை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிடுவார்கள். கேரட் முதலில் இருந்தால் பாதி பாக்கெட் கேரட்டாகவே இருக்கலாம், உறையவைப்பதில் மலிவான காய்களில் அதுவும் ஒன்று. பட்டாணியும் பீன்ஸும் தனித்தனியாக மலிவு பாக்கெட்டில் வாங்கி நீங்களே கலந்துகொண்டால் விலை உயர்ந்த கலவையைவிட நன்றாகவே இருக்கும். இன்னொன்று, ப்ரோக்கோலியும் காலிஃப்ளவரும். மலிவு பாக்கெட்டில் தண்டு அதிகம், பூ குறைவு, அடியில் தூள் நிறைய. இதில் மட்டும் விலைக்கேற்ற சரக்குதான்.

நேர்கோடு

பனிக்காற்று சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். பெரிய பிராண்டுக்காரர் வருடம் முழுக்க ஒரே தரத்தைப் பிடித்து வைத்திருக்க முயல்வார், ஏனென்றால் அவருக்கு இருப்பது அந்தப் பெயர் மட்டும்தான். கடையின் சொந்தப் பெயரில் வருவதை யார் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுக்கிறாரோ அவர் போடுவார், அடுத்த வருடம் வேறு ஆள் வரலாம், கவர் மாறாது. ஒரு பாக்கெட் நன்றாக இருந்தது என்று நாம் மனதில் குறித்து வைத்துக்கொள்கிறோம், உள்ளே இருப்பது வேறு நாட்டுச் சரக்காக மாறியிருக்கும். நான் கூடுதல் விலை கொடுப்பது ருசிக்காக இல்லை, எப்போது எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்காக. விருந்தாளி வரும் நாளில் இந்த நிச்சயம் எனக்கு முக்கியம்.

அதே சமயம் கடைப் பெயரிலேயே அடிமட்டம், நடுத்தரம், உயர்தரம் என்று இரண்டு மூன்று அடுக்கு வைத்திருப்பார்கள். நடு அடுக்கு பல பொருள்களில் பிராண்டுக்குச் சமமாகவே இருக்கிறது. மலிவா பிராண்டா என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் அந்த நடுவில் இருப்பதையும் பாருங்கள்.

கடலோடி

மீன், இறால் பற்றி நான் சொல்கிறேன். இங்கேதான் மலிவு பாக்கெட்டில் நிஜமாகவே ஏமாற இடம் இருக்கிறது. பிராண்டு பாக்கெட்டிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இறாலை உறையவைத்த பிறகு தண்ணீரில் முக்கியோ தெளித்தோ மேலே மெல்லிய பனிப்பூச்சு ஏற்றுவார்கள். இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் ஃப்ரீசர் காற்றில் இறால் காய்ந்து வெளுத்து நார் நாராகிவிடும். எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை பூச்சு இருந்தால் நியாயம். 20, 30 சதவீதம் என்று போகும்போது நீங்கள் இறால் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறீர்கள். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் விதிப்படி, பூச்சு போட்ட இறாலுக்கு அறிவிக்கும் நிகர எடையில் பனி சேரக்கூடாது. நல்ல நிறுவனங்கள் மொத்த எடை தனியாக, பனி நீங்கிய எடை தனியாகப் போடுவார்கள். கடையில் செய்ய வேண்டியது இதுதான்: விலையைப் பனி நீங்கிய எடையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் 700 கிராம் என்று இருக்கும் பாக்கெட்டும், முழு எடைக்கு இறாலே இருக்கும் பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வகுத்துப் பார்த்தால் பல நேரம் இரண்டாவதுதான் மலிவு.

வீட்டில் சரிபார்ப்பதும் சுலபம். உறைந்த இறாலை வடிதட்டில் கொட்டி, பனிப்பூச்சு கரையும் வரை மட்டும் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, உள்ளே கெட்டியாக இருக்கும்போதே தண்ணீரை வடியவிட்டு எடை போடுங்கள். முழுக்க உருகவிட்டு எடை போட்டால் இறாலின் சொந்தத் தண்ணீரும் சேர்ந்து போய்விடும், கணக்கு தப்பாகிவிடும்.

பூச்சு கண்ணுக்குத் தெரியும் தண்ணீர். தெரியாத தண்ணீர் ஒன்று உண்டு. டிரைபாலிபாஸ்பேட் என்ற உப்புக் கரைசலில் ஊறவைத்தால் இறாலும் மீனும் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு குண்டாகத் தெரியும். அளவோடு போட்டால் உருகும்போது சாறு வடியாமல் காக்கும், அளவு மீறினால் எடை கூட்டும் வேலைதான். சட்டியில் போட்டதும் வெள்ளையாகத் தண்ணீர் விட்டு, இறால் பாதியாகச் சுருங்கி, கடித்தால் ரப்பர் போலத் துள்ளுகிறதா, இதுதான் காரணம். கண்டுபிடிக்கச் சேர்மானத்தைப் பாருங்கள். இறால், உப்பு என்று மட்டும் இருந்தால் நல்லது. தண்ணீர், பாஸ்பேட் என்று இருந்தால் புரதக் கணக்கைப் பாருங்கள். வெறும் பச்சை இறாலில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் இருக்கும், காட் போன்ற வெள்ளை மீனில் 17, 18. லேபிளில் 12, 13 என்று போட்டிருந்தால் மீதியில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரிந்து கிடையாது. இது பிராண்டு பெயரையும் பார்க்காது, விலையையும் பார்க்காது.

மீன் துண்டில் இன்னொரு விஷயம். கடலில் கப்பலிலேயே வெட்டி உறையவைத்தது ஒரு வகை. தலையையும் குடலையும் நீக்கி உறையவைத்து, வேறு நாட்டுக்கு அனுப்பி, அங்கே உருகவைத்துத் துண்டு போட்டு மறுபடி உறையவைப்பது இன்னொரு வகை. இரண்டு தடவை உறைந்தது சமைக்கும்போது அதிகம் தண்ணீர் விடும், சதை கொஞ்சம் பஞ்சு போல இருக்கும். கெடுதல் கிடையாது, ருசி குறைவு. கப்பலிலேயே உறையவைத்தது என்றால் பாக்கெட்டில் பெருமையாகப் போட்டிருப்பார்கள், ஏனென்றால் அதற்குத்தான் அவர்கள் விலை கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் குழம்புக்கு மலிவுத் துண்டு, வறுக்கவும் ஆவியில் வேகவைக்கவும் கப்பலில் உறைந்தது என்று பிரித்து வாங்குகிறோம்.

அடுப்படி

பிள்ளைகள் சாப்பிடும் பொருள்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். பனிக்காற்று சொன்ன தைரியத்தில் நகெட்ஸிலும் மலிவுக்குப் போய்விடாதீர்கள். பட்டாணி பாக்கெட்டுக்குள் பட்டாணிதான் இருக்க முடியும், நகெட்ஸுக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். பொருள் எவ்வளவு கைபட்டு உருமாறி வருகிறதோ அவ்வளவுக்கு லேபிளை நின்று படிக்க வேண்டும்.

நகெட்ஸில் முதலில் கோழி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிப் பெயரில் வரும் முக்கியப் பொருளின் சதவீதத்தைப் போட்டே ஆக வேண்டும், வேறு பல இடங்களிலும் போடுகிறார்கள். பாதிக்குக் கீழே இருந்தால் நீங்கள் மாவும் எண்ணெயும் வாங்குகிறீர்கள். அடுத்தது அது என்ன கோழி என்பது. நெஞ்சுக்கறி என்று இருக்கிறதா, அரைத்த கறியா, அல்லது எலும்பிலிருந்து இயந்திரத்தால் அழுத்திப் பிரித்த கறியா? கடைசியாகச் சொன்னது கூழ் மாதிரி இருக்கும், ருசியும் அப்படித்தான். சதவீதம் போடாத இடத்தில் கடலோடி சொன்ன புரதக் கணக்கு உதவும், ஆனால் சோயா புரதம் சேர்த்தும் அந்த எண்ணை உயர்த்துவார்கள், ஆகவே சேர்மானத்தில் சோயா இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உப்பின் அளவையும் ஒப்பிடுங்கள். கறி குறைந்தால் ருசிக்கு உப்பையும் மசாலாவையும் கூட்டத்தானே செய்வார்கள், நான் பார்த்த அடிமட்டப் பாக்கெட்டுகள் பலவற்றில் இதுதான் நிலை. ஆனால் விளம்பரத்தில் வரும் ஒரு பிராண்டின் நகெட்ஸில், அதில் கால்பங்கு விளம்பரமே செய்யாத கடைப் பெயர் பாக்கெட்டைவிடக் கோழி குறைவாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். பெயரை நம்பி எடுத்துப் போடுவதில் பயனே இல்லை.

பிரெஞ்ச் ஃப்ரைஸில் பயப்பட ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு, எண்ணெய், அவ்வளவுதான் முக்கியம். எல்லாமே ஆலையில் ஒருமுறை லேசாகப் பொரித்து உறையவைத்துத்தான் வருகிறது. நிறம் சீராக வர டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையில் முக்குவார்கள், கிழங்கு கறுக்காமல் இருக்க ஒரு பாஸ்பேட் உப்பு போடுவார்கள், இது விலை உயர்ந்ததிலும் உண்டு. மலிவில் குட்டைத் துண்டுகள் அதிகம், அதனால் பாதி கருகிப் பாதி வேகாமல் போகும். தட்டில் நீளமானதை ஓரத்திலும் குட்டையை நடுவிலும் பரப்பினால் சமாளித்துவிடலாம். மேலே மாவுப்பூச்சு போட்டது மொறுமொறுப்பு நீண்ட நேரம் நிற்கும், அதற்குத்தான் கூடுதல் காசு. என்ன எண்ணெய் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாமாயிலா சூரியகாந்தியா என்பது பல நேரம் பிராண்டைவிட முக்கியம்.

ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் ஒப்பிடாதீர்கள், இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். கடையும்போது காற்றை அடித்துத்தான் அதை மென்மையாக்குகிறார்கள். காற்று அடிக்க அடிக்க அளவு கூடும். கலவையின் அளவுக்குச் சமமாகக் காற்றும் சேர்ந்தால் டப்பாவில் பாதி காற்று. அமெரிக்காவில் ஒரு காலன் ஐஸ்கிரீம் குறைந்தது 4.5 பவுண்டு எடை இருக்க வேண்டும், பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த எடை லிட்டருக்குச் சுமார் 540 கிராம். காற்று குறைந்த கெட்டியான வகைகளில் ஒரு லிட்டர் 900 கிராம் வரைகூட இருக்கும். இரண்டு டப்பாவையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள், கைக்கே தெரியும். டப்பாவில் கிராம் போட்டிருந்தால் விலையைக் கிராமால் வகுத்துவிடுங்கள். ஐஸ்கிரீம் என்று எழுதாமல் ஃப்ரோசன் டெசர்ட் என்று எழுதியிருந்தால் சேர்மானத்தைத் திருப்பிப் பாருங்கள், பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் இருக்க வாய்ப்பு அதிகம், இந்தியாவில் அந்தப் பெயரில் விற்பது அதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, பால் ஐஸ்கிரீமோடு அதன் விலையை ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை என்கிறேன்.

கணக்குநோட்டு

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே கடைக்குப் போய் இறால் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். கடலோடி சொன்ன மாதிரியே ஒன்றில் புரதம் 100 கிராமுக்கு 13, பக்கத்தில் விலை கொஞ்சம் கூடுதலான இன்னொன்றில் 19. விலையைப் புரதத்தால் வகுத்தால் விலை கூடுதலானதுதான் லாபம். பட்டாணியும் கார்னும் மலிவில் எடுத்துவிட்டேன்.

இன்னும் சில சந்தேகம். மலிவு பாக்கெட்டுகள் சிலவற்றில் உள்ளே பனி படிந்து எல்லாம் ஒட்டிக் கட்டியாகக் கிடக்கிறது, இது மட்டமான சரக்கின் அடையாளமா? சுகாதாரத்தில் பிராண்டு பாக்கெட்டுக்கு ஏதாவது மேன்மை உண்டா? பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி, புளூபெரி போட்டுப் பால் அடித்துக் கொடுக்கிறோம், அவற்றிலும் மலிவுக்கு மாறலாமா?

குளிர்ச்சங்கிலி

பனிக் கட்டி பற்றி மட்டும் சொல்கிறேன், உறைபதனச் சரக்கை வண்டியில் ஏற்றி இறக்கும் வேலை. அது சரக்கின் தரத்தைக் காட்டாது, வழியில் யார் எப்படி வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டும். ஆலையிலிருந்து உங்கள் வீடு வரைக்கும் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள் இது. இறக்கும் இடத்தில் வெளியே காத்துக்கிடந்தாலோ, கடை ஃப்ரீசரில் அளவுக்கு மேல் அடுக்கினாலோ மேலாக உருகி மறுபடி உறையும். அப்போது சின்னப் பனித்துகள் எல்லாம் சேர்ந்து பெரிதாக வளரும், காயிலிருந்து வெளியேறிய ஈரம் கவரின் உட்புறத்தில் பனியாகப் படியும். பனிக்காற்று ஆலையில் அவ்வளவு வேகமாக உறையவைத்ததெல்லாம் இப்படி ஒரு மணி நேரக் கவனக்குறைவில் வீணாகிவிடும். விலை உயர்ந்த பாக்கெட்டுக்கும் இதே கதிதான்.

ஆகவே பாக்கெட்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். மணி மணியாக உதிர்ந்து ஓசை கேட்டால் நல்லது. கட்டியாக இருந்தால் வைத்துவிட்டு வேறு எடுங்கள், எல்லாப் பாக்கெட்டுமே அப்படி இருந்தால் அந்தக் கடையின் ஃப்ரீசரிலோ, அது வந்த வழியிலோ கோளாறு, அன்றைக்கு உறைபதனப் பொருளே வாங்காதீர்கள். மேலே திறந்த பெட்டி ஃப்ரீசர்களில் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் அடுக்கியது போதுமான குளிரில் இருக்காது, கோட்டுக்குக் கீழே இருந்து எடுங்கள். கீரை மட்டும் விதிவிலக்கு, பெரும்பாலும் கட்டியாகவே அச்சில் உறையவைத்து விற்பார்கள்.

இன்னொன்று, கடையில் மற்ற எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு கடைசியாக ஃப்ரீசர் பக்கம் போங்கள், எடுத்ததையெல்லாம் ஒரே பையில் ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள், ஒன்றுக்கொன்று குளிரைக் காத்துக்கொள்ளும்.

பனிக்காற்று

சுகாதாரக் கேள்விக்கு என் பதில்: பெயரைப் பொறுத்து மாறாது. அமெரிக்காவில் 2016இல் வாஷிங்டன் மாநிலம் பாஸ்கோவில் இருந்த ஒரே ஒரு காய்கறி ஆலையில் லிஸ்டீரியா கிருமி பிரச்சினை வந்தபோது, 42 பிராண்டு பெயர்களில் விற்ற 350க்கும் மேற்பட்ட பொருள்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. மலிவும் அதில் இருந்தது, விலை உயர்ந்த இயற்கை விவசாயப் பெயர்களும் இருந்தன. ஐரோப்பாவிலும் 2018இல் ஹங்கேரி ஆலை ஒன்றிலிருந்து போன உறைந்த சோளமும் காய்கறிகளும் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. உறையவைத்தால் கிருமி சாகாது, வளராமல் நிற்கும். கொதிநீரில் காட்டி எடுப்பதும் முழுச் சமையல் ஆகாது. எனவே உறைந்த பட்டாணியையோ சோளத்தையோ அப்படியே உருகவைத்து சாலடில் போடாதீர்கள், நன்றாகச் சூடேறும்படி வேகவைத்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இது கட்டாயம். பெரிய பிராண்டு வாங்கினாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

பெரிப் பழங்களுக்கும் இதே கவலை உண்டு. உறைந்த பெரி வழியாக ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்று பரவிய சம்பவங்கள் 2013 வாக்கில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் பெரியைக் கொதிநீரில் காட்டுவதுகூட இல்லை, கழுவி உறையவைப்பதுதான். பிள்ளைகளுக்கு என்பதால் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்து அடித்துக் கொடுப்பது நல்லது. எப்படியும் கொதிக்கவைத்து அடிக்கப்போகிறீர்கள் என்றால் முழுப் பழமாக இருக்கும் விலை உயர்ந்த பாக்கெட் எதற்கு? உடைந்த துண்டுகள் என்று போட்ட மலிவு பாக்கெட் போதும். சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நேர்கோடு சொன்னபடி ஒப்பந்தக்காரர் மாறுவது உண்மைதான், அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இறைச்சி, மீன், பால் சார்ந்த பாக்கெட்டில் நீள்வட்டத்துக்குள் நாட்டுக் குறியீடும் ஆலையின் அனுமதி எண்ணும் இருக்கும். அமெரிக்காவில் இறைச்சிக்கும் கோழிக்கும் ஆய்வு முத்திரையோடு ஆலை எண் இருக்கும். இந்தியாவில் 14 இலக்க உணவு உரிம எண். பிடித்த பாக்கெட்டின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த முறை ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் ஆள் மாறிவிட்டார், ஒரு பாக்கெட் மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். காய்கறியில் அந்த நீள்வட்ட முத்திரை இருக்காது, அதற்கு எந்த நாட்டில் விளைந்தது என்பதையும் பாக்கெட் போட்டவரின் முகவரியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குநோட்டு

ப்ரோக்கோலி மட்டும் பிராண்டு, இறாலும் நகெட்ஸும் லேபிள் பார்த்து, ஐஸ்கிரீம் எடை பார்த்து, மற்ற காய்கறியும் பெரியும் மலிவு என்று பட்டியலை மாற்றி எழுதிவிட்டேன். மீன் துண்டில் குழம்புக்கு ஒன்று வறுக்க ஒன்று என்று பிரித்து வாங்குவது எனக்குத் தோன்றவே இல்லை, அதையும் சேர்த்துக்கொண்டேன். அடுப்படி, சோயா இல்லாத நகெட்ஸ் எங்கள் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, கோழி 62 சதவீதம், நெஞ்சுக்கறி என்று போட்டிருக்கிறது, எடுக்கலாமா?

அடுப்படி

எடுங்கள். உப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு எடுங்கள்.